கேட்கும் முன்பே கிடைத்துவிட்டால்...

கேள்வி: மகளுக்கு 2 வயது 2 மாதம். பகல் முழுக்க என் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். ஏழெட்டுச் சொல்தான் பேசுகிறாள். மற்றதெல்லாம் கைநீட்டி “ம்ம்” தான். பாட்டியிடம் வளர்வதுதான் காரணம் என்கிறார் கணவர். காப்பகத்தில் விடலாமா?

பதில்: இடத்தை மாற்றுவது இருக்கட்டும், முதலில் காதைப் பரிசோதியுங்கள். 2 வயதில் பொதுவாக 50 சொற்கள் வரை வந்து, “பால் வேணும்” என இரண்டைச் சேர்த்தும் பேசுவார்கள். ஏழெட்டு என்பது குறைவு. “தானாப் பேசிடும்” என்று தள்ளிப்போடாதீர்கள். கேட்கும் திறன் சரியாக இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

பாட்டி வளர்ப்பதால் பேச்சு தாமதமாகாது. ஆனால் பாசத்தில் ஒரு பழக்கம் வந்துவிடும்: குழந்தை குடத்தைப் பார்த்தாலே டம்ளர் வந்துவிடும். பிறகு அவள் எதற்குப் பேச வேண்டும்?

தண்ணீரையும் பாலையும் அவள் கண்மட்டத்தில் காட்டி, “தண்ணியா, பாலா?” என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை பாட்டி பேசாமலிருக்கட்டும். சிரமமான பகுதி இதுதான். மூன்று எண்ணுவதற்குள் பாட்டியின் கை நீண்டுவிடும். “த” என்று வந்தாலே போதும். உடனே கொடுத்து, “தண்ணி குடி” என ஒரு சொல் கூட்டிச் சொல்லட்டும். “சொன்னாத்தான் தருவேன்” என்று மட்டும் வேண்டாம், அழுகைதான் மிஞ்சும். “இது என்ன, அது என்ன” என்று பரீட்சை வைப்பதும் அப்படித்தான். முட்டி வலியால் தரையில் உட்கார முடியாவிட்டால், குழந்தையைச் சோபாவில் எதிரே உட்காரவைத்துப் பேசலாம்.

சாப்பாட்டு நேரத்தில் போன் வேண்டாம். 2 முதல் 4 வயதுக்கு எல்லாத் திரையும் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். யாரும் பார்க்காமல் ஓடும் டிவியையும் அணையுங்கள்; அது ஓடினால் பெரியவர்கள் பேசுவதே குறைந்துவிடும்.

கேள்வி: பேரன் எங்களோடுதான் இருக்கிறான். எங்கள் மாத்திரைகளை எங்கே வைப்பது?

பதில்: பூட்டிய அலமாரியில், அவன் கண்ணில் படாத உயரத்தில். கிழமை போட்ட மாத்திரை டப்பாவைக் குழந்தை எளிதில் திறந்துவிடும். கைப்பையும் தலையணை அடியும் அதைவிட மோசம். சில சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே சிறு குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், அதுவும் பல மணி நேரம் கழித்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல், மாத்திரை அட்டையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்தை “மிட்டாய்” என்று சொல்லிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள்.