'வித்தவுட் ரிமோர்ஸ்': கணித்துவிடக்கூடிய சதி – கேள்வி பதில்

கேள்வி: அமேசான் பிரைமில் 2021-இல் வெளியான 'வித்தவுட் ரிமோர்ஸ்' படத்தின் சூத்திரதாரி யார் என்பதைப் பாதிப் படத்துக்குள்ளேயே ஊகித்துவிட்டேன். உங்களுக்கும் அப்படித்தானா?

பதில்: ஆம். முடிவைச் சொல்லாமல் காரணத்தை விளக்க இயலாது. படம் பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். சிரியாவின் அலெப்போவில் சி.ஐ.ஏ. உளவாளி ஒருவரை மீட்கச் செல்லும் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் பிரிவான சீல் படையினர், தம்மை எதிர்த்தவர்கள் ரஷ்யப் படையினர் என்று அறிகின்றனர். மூன்று மாதம் கழித்து அக்குழுவினர் வேட்டையாடப்படுகின்றனர். அக்குழுவைச் சேர்ந்த நாயகன் ஜான் கெல்லியின் கருவுற்ற மனைவி பாமும் கொல்லப்படுகிறார். உள்ளிருந்து ஒருவர் காட்டிக்கொடுத்திருக்கிறார் என்பது அப்போதே தெளிவாகிறது. சி.ஐ.ஏ. அதிகாரி ரிட்டர் மீது படமே வலிந்து சந்தேகத்தைக் கிளப்புவதால், அவர் குற்றவாளியல்லர் என்று பழகிய பார்வையாளர் முடிவு கட்டிவிடுவார். எஞ்சுபவர் பாதுகாப்புத் துறைச் செயலர் கிளே. அவராக நடிக்கும் கை பியர்ஸ் போன்ற தேர்ந்த நடிகரை, கனிவாகப் பேசி நகரும் சிறு வேடத்துக்கு மட்டும் யாரும் அழைத்துவருவதில்லை.

கேள்வி: டாம் கிளான்சியின் மூல நாவலும் இதே கதைதானா?

பதில்: பெயர்களைத் தவிர ஒற்றுமை மிகக் குறைவு. 1993-இல் வெளிவந்த அந்நாவல் வியட்நாம் போர்க்காலத்தில் நிகழ்கிறது. அதில் கெல்லியின் கருவுற்ற மனைவி இறப்பது விபத்தில். நாவலின் பாம் வேறொருவர்; போதைமருந்துக் கும்பலிடமிருந்து தப்பி வந்து அதே கும்பலால் கொல்லப்படும் இளம்பெண். பால்டிமோர் நகரில் கெல்லி மேற்கொள்ளும் பழிவாங்கலும், வட வியட்நாமில் அமெரிக்கப் போர்க்கைதிகளை மீட்கும் முயற்சியும் பின்னிப்பிணைந்து செல்கின்றன. அம்மீட்புத் திட்டம் வெள்ளை மாளிகை உதவியாளர் ஒருவர் வழியாகக் கசிவதை கிளான்சி வாசகரிடம் மறைப்பதே இல்லை. நமக்குத் தெரிந்த துரோகம் களத்தில் நிற்பவனுக்குத் தெரியவில்லையே என்ற தவிப்புதான் நம்மைப் பக்கம் புரட்ட வைக்கிறது. படமோ துரோகியை மறைக்க முயன்றது, ஆனால் மறைக்கவும் தெரியவில்லை.

மெய்யான வரலாற்றிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. 1970 நவம்பர் 21 அன்று, போர்க்கைதிகளை மீட்க, வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு மேற்கே சோன் டே சிறை முகாமில் 56 அமெரிக்கச் சிறப்புப் படையினர் இறங்கினர். பல மாத ஒத்திகைக்குப் பின் நடந்த அந்த நடவடிக்கையில் அவர்கள் தரப்பில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. ஆனால் கைதிகள் ஜூலையிலேயே இடம் மாற்றப்பட்டிருந்தனர். போர்த்தொழிலில் பிழையின்றிச் செயல்பட்டும் வெறும் அறைகளைக் கண்டு திரும்பிய அந்த வீரர்களின் மனநிலையில் பாதியையேனும் இப்படம் தொட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

கேள்வி: 'சிகாரியோ' படத்தை எழுதிய டெய்லர் ஷெரிடன் இதிலும் பங்கேற்றிருக்கிறாரே, பின் எங்கே தவறியது?

பதில்: அடித்தளத்தில். இறுதிப் பெயர்ப்பட்டியலுக்கு நடுவே 'ரெயின்போ' என்ற பன்னாட்டுப் படையைக் கெல்லி முன்மொழியும் காட்சி, இது அடுத்த படங்களுக்கான முன்னுரை என்பதைக் காட்டிவிடுகிறது. நாயகன் பிழைத்தாக வேண்டும், வில்லன் தண்டிக்கப்பட்டாக வேண்டும் என்ற கட்டாயத்துக்குள் எந்தத் திருப்பமும் அதிர்ச்சி தராது.

கேள்வி: சண்டைக் காட்சிகளுக்காகவாவது பார்க்கலாமா?

பதில்: ஒரு காட்சிக்காகப் பார்க்கலாம். ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் வீழ்த்தப்பட்ட கெல்லி குழுவின் விமானம் மூழ்கும்போது, படகையும் தளவாடங்களையும் மீட்க, கெல்லியாக நடிக்கும் மைக்கேல் பி. ஜோர்டன் நீருக்குள் இறங்கும் அச்சில நிமிடங்களில், அடுத்து நடப்பதை என்னால் ஊகிக்க இயலவில்லை.