காட்டுக்கீரைகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்பது உண்மையா? தினமும் உண்ணலாமா?

தானாக முளைக்கும் கீரைகள் பலவற்றில் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள், மிகுதி என்பது உண்மைதான். ஆனால் அந்த ஓர் அளவை மட்டும் வைத்துக் கீரையின் தரத்தைத் தீர்மானிப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

மழைக்குப் பின் வரப்பிலும் கொல்லையிலும் படரும் பருப்புக்கீரையை எடுத்துக்கொள்வோம். சில ஊர்களில் இதைக் கோழிக்கீரை என்பார்கள். களையென்று வெட்டி எறியப்படும் இச்செடியின் 100 கிராம் பச்சை இலையில், 1992-இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஒமேகா-3 என்னும் கொழுப்பு வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் 300 முதல் 400 மில்லிகிராம் வரையிலும், வைட்டமின் ஈ சுமார் 12 மில்லிகிராமும், வைட்டமின் சி சுமார் 26 மில்லிகிராமும் உள்ளன. கீரை வகைகளில் இவ்வளவு ஒமேகா-3 இருப்பது அரிது. எனினும் மீனில் கிடைக்கும் வகையாக அதில் சிறு பங்கையே உடல் மாற்றிக்கொள்கிறது.

ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஆய்வகத்தில், இலைச்சாறு பட்டு ஊதா நிறக் கரைசல் எவ்வளவு வெளுக்கிறது என்பது போன்ற சோதனைகளில் கிடைப்பது. குடலில் எவ்வளவு உறிஞ்சப்படும், இரத்தத்தில் என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. இக்காரணத்தாலேயே அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் இத்தகைய அளவுப் பட்டியலை 2012-இல் தன் தளத்திலிருந்து நீக்கியது. பின்லாந்தில் புகைபிடிப்போருக்கு, கீரைகளிலும் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த பெரும் ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. அதன் முடிவு 1994-இல் வெளியானது. ஆகவே கீரையைக் கீரையாகவே உண்ணுங்கள். பொடியும் மாத்திரையும் அதற்கு ஈடாகா.

தினமும் உண்பதைப் பொறுத்தவரை, பருப்புக்கீரையில் ஆக்சலேட் என்னும் இயற்கை உப்பு மிகுதி என்பதை மறக்கக் கூடாது. அது சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடும் என்பதால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை அடிக்கடி உண்ண வேண்டாம். மற்றவர்கள் வாரம் ஓரிரு முறை, வேறு கீரைகளோடு மாற்றி மாற்றிச் சமைக்கலாம். வேகவைத்த நீரை வடித்தால் ஆக்சலேட் குறையும், ஆனால் வைட்டமின் சி-யும் அந்நீரோடு போய்விடும். உணவோடு தயிரோ மோரோ சேர்த்தால், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு, அது சிறுநீரகத்துக்குச் செல்வதைக் குறைக்கும். பாசிப்பருப்போடு கடைந்து நல்லெண்ணெயில் தாளிக்கும் நம் வழக்கமும் பொருத்தமானதே, ஏனெனில் கரோட்டின் எண்ணெயில்தான் கரையும்.

நெடுஞ்சாலையோரத்திலும் களைக்கொல்லி தெளித்த வயலிலும் பறிக்காதீர்கள். பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள்: பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அல்ல, அதைப் போலவே தரையில் படரும் வேறு செடி.