லண்டன் – டோக்கியோ: 9,600 கி.மீ. பறக்க 14 மணி நேரமா?

கேள்வி: லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 9,600 கி.மீ. என்கிறார்கள். விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் பதினொரு மணி நேரத்திற்குள் போய்ச் சேர வேண்டுமே! கால அட்டவணையில் ஏறத்தாழ 14 மணி நேரம் என்றிருப்பது ஏன்?

பதில்: உங்கள் வகுத்தல் கணக்கில் பிழையில்லை, ஆனால் விமானம் பறப்பது அந்த 9,600 கி.மீ. அன்று. அது பூமிப் பரப்பின் மீது இரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். உலக உருண்டை ஒன்றில் இவ்விரு நகரங்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ஸ்காண்டிநேவியாவைக் கடந்து, ரஷ்யாவின் வடபகுதி மீது நெடுந்தூரம் சென்று, பிறகு தெற்கே திரும்பி ஜப்பானை அடைவதைக் காணலாம்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கியதும் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வான்வெளியை மூடிவிட, ஜப்பானிய நிறுவனங்களும் ரஷ்யாவைத் தவிர்க்கத் தொடங்கின. அதுவரை பன்னிரண்டு மணி நேரத்தையொட்டி இருந்த பயணம் அதனால்தான் இவ்வளவு நீண்டது. சீன நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லாததால், அவற்றின் ஐரோப்பிய விமானங்கள் இன்றும் சைபீரியா வழியே குறுக்கே போகின்றன.

இது புதிய சங்கடமும் அன்று. சோவியத் வான்வெளி அடைபட்டிருந்த காலத்தில், 1957-இல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பி டோக்கியோவுக்குச் சேவை தொடங்கியது. லண்டனிலிருந்து ஆங்கரேஜ் வழியாகக் கூட்டிப் பார்த்தால் தூரம் ஏறத்தாழ 12,700 கி.மீ. ஆகிறது.

தூரத்தோடு காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் 'ஜெட் ஸ்ட்ரீம்' காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டுவதுண்டு. 150 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்த வேகம் 1,050 ஆகும். எதிர்த்து வீசினால் 750 ஆகக் குறையும். இதனால்தான் லண்டனிலிருந்து மத்திய ஆசியா வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் ஜப்பானிய விமானங்கள், திரும்பும்போதும் கிழக்கு நோக்கியே புறப்பட்டு, வட பசிபிக், அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாக உலகைச் சுற்றிவிடுகின்றன. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு!

அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம். பயணச்சீட்டில் உள்ள மணிகளோ அந்தந்த ஊர் நேரங்கள். டோக்கியோ, லண்டனைவிடக் குளிர்காலத்தில் 9 மணி நேரமும் கோடையில் 8 மணி நேரமும் முன்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் டோக்கியோவில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு, பதினான்கரை மணி நேரம் பறந்து, லண்டனில் அதே நாள் பிற்பகல் 3.30-க்கு இறங்குவீர்கள், சீட்டைப் பார்த்து ஐந்தரை மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள்.