கனவுகள் ஏன் இத்தனை விசித்திரமாக வருகின்றன? அவற்றுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

கேள்வி கேட்டவர் இன்று விடிகாலையில் எதையோ கண்டு திடுக்கிட்டு எழுந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் போனை எடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் நல்ல காரியம் செய்தீர்கள். வீட்டில் சொல்லவில்லையே, அதுவே போதும். நான் சொன்னேன். இன்றுவரை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் கனவை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். கனவில் ஒரு நீளமான மேசை. எதிரே என் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆனால் அவர்தான் அந்த வருடத்து ஆடிட்டர் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், கனவில் இதெல்லாம் தெரிந்துவிடும். என் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று நாக்கில் விழுகின்றன. வலி இல்லை, ரத்தம் இல்லை. சோழிகளைப் போல உள்ளங்கையில் துப்பி, மேசைமேல் பத்துப் பத்தாக அடுக்குகிறேன். மொத்தம் 41. பேரேட்டில் 43 என்று இருக்கிறது. இரண்டு பல் உதைக்கிறது. டீச்சர் மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்தபடி காத்திருக்கிறார். வியர்த்து விறுவிறுத்து மறுபடி எண்ணுகிறேன். 41.

கவனித்தீர்களா? பல் போனதே என்ற பயம் எனக்கு இல்லை. கணக்கு உதைக்கிறதே என்றுதான் பயம். அதைவிட விசேஷம், மனுஷ வாயில் மொத்தமே 32 பல்தானே, இந்த 41 எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. கூட்டல் கழித்தலிலேயே பிழைப்பு நடத்துகிற எனக்கு!

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் என்ற இருவர், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் விழிகள் விறுவிறுவென்று ஓடுவதைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். (அசெரின்ஸ்கி தன் சின்னப் பையன் தலையிலேயே வயர்களை ஒட்டிப் பார்த்திருக்கிறார். வீட்டில் என்ன சொன்னார்களோ.) அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானோர் ஒரு கனவைச் சொல்கிறார்கள். அதற்குத்தான் ரெம் தூக்கம் என்று பெயர். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். பெரியவர்களுக்கு மொத்தத் தூக்கத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. மற்ற நேரத்திலும் கனவு வராமல் இல்லை, ஆனால் நீளமான, நாடகத்தனமான, கிறுக்குத்தனமான கனவுகள் இதில்தான் அதிகம்.

ரெம் தூக்கத்தில் மூளை அடங்கிக் கிடப்பதில்லை. பயம், பதற்றம் முதலான உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலா விழித்திருக்கும்போது போலவே, சில சமயம் அதைவிட வேகமாக, வேலை செய்கிறது. உருவங்களைக் காட்டும் பகுதிகளும் அப்படியே. ஆனால் நெற்றிக்குப் பின்னால், 'இது எப்படி முடியும்?' என்று குறுக்குக் கேள்வி கேட்கும் பகுதி மட்டும் மந்தமாகிவிடுகிறது. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், என்ட்ரி போடுகிற ஆள் முழு வேகத்தில் போட்டுத் தள்ளுகிறான், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் லீவு. அப்புறம் 41 பல் வராமல் என்ன செய்யும்? டீச்சர் ஆடிட்டராக உட்காராமல் என்ன செய்வார்? எனக்குத் தப்புக் கண்டுபிடிப்பவர்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கிறார்கள் போலிருக்கிறது. மூளை அந்த ஃபைலை எடுத்திருக்கிறது, எந்தத் தாள் மேலே இருந்ததோ அதைப் போட்டிருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அந்தக் கனவு முதலில் வந்த அன்று காலையில் என் கணவரிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சமயம் என் நாத்தனார் எங்கள் வீட்டில் இருந்தாள். 41 பல், டீச்சர், பேரேடு எதுவும் அவள் காதில் ஏறவில்லை. 'பல் விழுந்தது' மட்டும் ஏறியது. "அண்ணி, பல் விழுற மாதிரி கனவு கண்டா வீட்டுப் பெரியவங்களுக்கு ஆகாதுன்னு சொல்வாங்களே" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். மூன்று வாரம் கழித்து என் கணவரின் பெரியப்பா காலமானார். அவருக்கு 84 வயது. ஒரு வருடத்துக்கு மேல் படுத்த படுக்கை. டாக்டர்கள் ஏற்கெனவே கையை விரித்திருந்தார்கள். ஆனால் துக்கத்துக்கு வந்த கூட்டத்தில், 'அண்ணி அப்பவே கனவு கண்டாங்க' என்ற பேச்சு என் காதுக்கு வருவதற்குள் நான்கு பேரைச் சுற்றி வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குக் கருநாக்கு. நான் நாக்கால் ஒன்றும் சொல்லவில்லை, தூக்கத்தில் பல்லை எண்ணினேன், அவ்வளவுதான். அதற்கே இந்தப் பட்டம்.

ஒரு விசேஷத்துக்குப் போனால், "என்னம்மா, ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். பாசத்தில் கேட்பதில்லை. கனவு எதுவும் வரவில்லையே என்று உறுதி செய்துகொள்கிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அதே வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பதினொரு வருட வேலைக்கு அப்புறம். வீட்டில் சொன்னபோது மாமனார் டிவியைப் பார்த்தபடியே 'அப்படியா' என்றார். என் கணவர் 'இனிமே லேட்டாத்தான் வருவியா?' என்று கேட்டார். அந்தத் தேதி இன்றைக்கு ஒருத்தருக்கும் நினைவில்லை. நான் கனவு கண்ட தேதி மட்டும் ஊர் உறவு முழுக்க மனப்பாடம். சொல்லி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

அப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்து, ஒரு பழைய பேரேட்டை எடுத்துக் கனவுக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். தேதி, என்ன கனவு, கனவில் என்ன உணர்ச்சி, முதல் நாள் என்ன நடந்தது, எழுந்தபோது உடம்பு எப்படி இருந்தது. ஐந்து பத்தி. பதினொரு மாதம் விடாமல் எழுதினேன். பல் கனவு 14 முறை வந்திருக்கிறது. அதில் 9 முறை கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில். சாவு? ஒன்றும் இல்லை. சொந்தத்தில் எல்லோரும் கல்லுக்குண்டாக இருந்தார்கள். நோட்டைக் கொண்டுபோய் நாத்தனார் முன்னால் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுதி வச்சுட்டா பலிக்காது போல அண்ணி" என்றாள். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

ஆனால் அந்த ஐந்தாவது பத்தி எனக்கு உதவியது. 'தாடை வலி', 'காதோரம் இறுக்கம்', 'வாயைத் திறக்கச் சிரமம்' என்று திரும்பத் திரும்ப என் கையெழுத்திலேயே இருந்தது. பல் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கையில் கொடுத்து என் பல் நுனிகளைக் காட்டினார். அரம் போட்டுத் தேய்த்த மாதிரி மட்டமாக இருந்தன. "தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், எத்தனை வருடமாக?" என்றார். பல்லுக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு கவசம் செய்து கொடுத்தார்.

இது என் ஒருத்தி கதை மட்டும் இல்லை. பல் விழும் கனவைப் பற்றி இஸ்ரேலில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்தக் கனவு மனக்கஷ்டத்தோடு ஒட்டிப் போகவில்லை, காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் தெரியும் இறுக்கத்தோடுதான் ஒட்டிப் போனது என்று கண்டார்கள். உடம்பு சொல்வதை மூளை தன் போக்கில் கதையாக்கிவிடுகிறது. 1958-லேயே வில்லியம் டிமென்ட்டும் எட்வர்ட் வோல்பர்ட்டும் தூங்குகிறவர்கள்மேல் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, பிறகு எழுப்பிக் கேட்டுப் பார்த்தார்கள். பத்துக்கு நாலு தடவைபோல ஏதோ ஒரு வகையில் தண்ணீர் கனவுக்குள் புகுந்திருந்தது. என் விஷயத்தில் தாடை இறுக்கம் உள்ளே புகுந்திருக்கிறது, மாதக் கடைசிக் கவலை அதற்குக் கதை வசனம் எழுதியிருக்கிறது. 'மனக்கஷ்டம் இல்லை என்று ஆய்வு சொல்கிறதே, நீ மாதக் கடைசி என்கிறாயே' என்று மடக்க வருபவர்களுக்கு: பல் விழுந்தது தாடையால், அதை எண்ணியது என் வேலையால். இப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அறிவியல் தீர்ப்பு என்று சொல்லவில்லை.

'அப்படியானால் கனவுக்கு அர்த்தமே இல்லையா?' இருக்கிறது. ஆனால் அகராதியில் இல்லை. பாம்பு வந்தால் இது, தண்ணீர் வந்தால் அது என்று அட்டவணை போட்டு எல்லோருக்கும் ஒரே பலன் சொல்வதைத்தான் நான் ஏற்பதில்லை. 1977-ல் ஆலன் ஹாப்சன், ராபர்ட் மெக்கார்லி இருவரும், மூளைத்தண்டிலிருந்து கண்டபடி கிளம்பும் சமிக்ஞைகளை மேல்மூளை எப்படியோ கோத்துக் கதையாக்குவதுதான் கனவு என்றார்கள். அதற்கும் மறுப்புகள் வந்துவிட்டன. ஆனால் கோக்கிற நூல் யாருடையது? என்னுடையது. பயந்தது பல்லுக்கா கணக்குக்கா என்று பார்த்தால் என்னைப் பற்றி ஏதோ தெரிகிறது. பெரியப்பாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஃபிராய்டுகூடப் பல் கனவுக்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். அதை இங்கே எழுதினால், மாமியார் படித்துவிட்டால் பெரியப்பா விவகாரமே தேவலை என்றாகிவிடும்.

விடிகாலைக் கனவு பலிக்கும் என்பார்களே, அதற்கும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. ரெம் கட்டம் முன்னிரவில் பத்து நிமிடம்போல வந்து போகும். விடியும் நேரத்தில் அரை மணி நேரம், அதற்கு மேலும் நீளும். நாம் அதிலிருந்து நேராக எழுந்துகொள்வதால் அந்தக் கனவுதான் நினைவில் நிற்கிறது. நினைவில் நிற்பதைத்தானே பலித்தது என்று சொல்ல முடியும்? மறந்த கனவு பலித்ததா என்று யார் பார்த்தார்கள்?

உடனே ஒருவர் வருவார், 'கனவில் கண்டதை வைத்து நோபல் பரிசே வாங்கியிருக்கிறார்கள், நீ என்ன பெரிய ஆள்' என்று. ஓட்டோ லோவியைச் சொல்கிறார்கள். உண்மைதான். இரவில் விழித்து ஏதோ கிறுக்கி வைத்தார், காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இந்த முறை எழுதவில்லை, நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய் இரண்டு தவளை இதயங்களை வைத்துச் சோதனை செய்தார். நரம்பு, ரசாயனத்தின் மூலம் சேதி அனுப்புகிறது என்று காட்டினார். 1936-ல் நோபல். ஆனால் அந்தக் கேள்வி பல வருடமாக அவர் மண்டைக்குள் கிடந்தது. எனக்கு 41 பல் வந்தது, அவருக்குத் தவளை வந்தது. அவரவர் வேலை அவரவர் கனவில்.

இன்னொன்று. திடீரென்று கனவுகள் மிகவும் உக்கிரமானால், சமீபத்தில் மாத்திரை எதையாவது தொடங்கினீர்களா, நிறுத்தினீர்களா என்று பாருங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள் கனவைக் கிளறிவிடும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். ரெம் தூக்கத்தில் கை கால் தசைகள் கட்டிப்போட்டது போல் தளர்ந்து கிடக்க வேண்டும். வயதானவர்கள் யாராவது கனவில் நடப்பதற்கு ஏற்பத் தூக்கத்தில் குத்துவது, உதைப்பது, கட்டிலிலிருந்து குதிப்பது என்று இருந்தால் சிரித்துவிட்டு விடாதீர்கள், நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடம் முன்பே சிலருக்கு இது தலைகாட்டும்.

நம்பிக்கையைப் புண்படுத்தாதே என்று என்மேல் பாய வேண்டாம். நம்புகிறவர்கள் நம்பட்டும். அவர்கள் நம்பிக்கைக்கு என் தூக்கத்தைச் சாட்சிக்கு இழுக்காமல் இருந்தால் போதும்.

கவசம் போட்ட பிறகு கனவு நின்றதா? குறைந்திருக்கிறது. போன மாதக் கடைசியில் ஒரு தடவை வந்தது. இந்த முறை பற்கள் பிளாஸ்டிக். அப்போதும் இரண்டு உதைத்தது.

பத்து நாள் முன்பு காலை ஆறு மணிக்கு நாத்தனார் போன் செய்தாள். குரலே சரியில்லை. "அண்ணி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எனக்குப் பல்லு விழுற மாதிரி வந்துச்சு" என்றாள். பழைய கதையைச் சொல்லிக் காட்டலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, தாடை வலிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வாயைத் திறந்து மூடிப் பார்க்கிறாள் போல.

"வலது பக்கம் மட்டும் அண்ணி" என்றாள்.