38 லட்சம் கொடுத்தால் லாரி வரிசை குறையுமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்தில் நானும் என் மைத்துனரும் எல்டிஓ (லைட் டீசல் ஆயில்), கொதிகலனில் எரிக்கிற கெட்டியான ஃபர்னஸ் ஆயில் விற்கும் சிறிய டிப்போ நடத்துகிறோம். நான்கு டேங்க். தினம் ஏழெட்டு லாரி ஏற்றி அனுப்புகிறோம். ஒரு லாரி உள்ளே வந்து வெளியே போக மூன்று மணி நேரம் ஆகிறது. மாதக் கடைசியில் ஃபர்னஸ் ஆயில் கணக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் உதைக்கிறது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் 38 லட்சத்துக்கு ‘ஃபுல் ஆட்டோமேஷன்’ போட்டுத் தருகிறேன், இரண்டு பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். அந்தக் கொட்டேஷனை இழுப்பறையில் போட்டுவிட்டு, கடைக்குப் போய் ஒரு நீள நோட்டு வாங்குங்கள்.

பத்து நாளைக்கு ஒவ்வொரு லாரிக்கும் ஆறு நேரங்களைக் குறித்து வையுங்கள். கேட்டுக்குள் வந்தது, காலி எடை போட்டது, எண்ணெய் ஏற்றும் மேடையான கேன்ட்ரியில் நின்றது, ஏற்றி முடித்தது, நிறை எடை போட்டது, பில் டிரைவர் கைக்குப் போனது. உங்கள் பம்ப் நிமிஷத்துக்கு 600 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால் 12,000 லிட்டர் ஏற்ற 20 நிமிஷம்தான். எர்த்திங் கிளிப் மாட்டுவது, மூடி திறப்பது, சீல் போடுவது எல்லாம் சேர்த்தாலும் முக்கால் மணி நேரம் தாண்டாது. மீதி இரண்டே கால் மணி நேரம் எங்கே போனது என்று நோட்டு சொல்லும். நான் பார்த்த வரையில் அது காகிதத்தில்தான் போகிறது.

எடைமேடைப் பையன் எடையைச் சீட்டில் எழுதுகிறான். ஆபீஸில் அதையே பில்லுக்காக ஒருமுறை தட்டுகிறார்கள். சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான ஈ-வே பில்லுக்காக மறுபடி தட்டுகிறார்கள். அந்தத் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓடிபி வேறொருவர் போனுக்குப் போயிருக்கும், அந்த ஆள் ஆற்காட்டில் கல்யாணத்தில் இருப்பார். வரியையும் சட்டத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள், வெயிலில் நிற்கிற டிரைவரை ஒருநாளாவது நினைத்துப் பார்த்தார்களா என்று எனக்கு ஆத்திரமாக வரும். சரி, அது உங்கள் கையில் இல்லை. ஒரே எடையை மூன்று தடவை பதிவது உங்கள் கையில்தான் இருக்கிறது. எடைமேடையின் டிஜிட்டல் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் பில் கம்ப்யூட்டருக்குப் போனால், எடை தானாக பில்லில் விழும். பில் போட்டதும் ஈ-வே பில்லையும் அதுவே எடுக்கும் மென்பொருள்கள் சந்தையில் இருக்கின்றன. இதற்கு ஆகும் செலவு அந்த 38 லட்சத்தின் ஓரத்தைக்கூடத் தொடாது. ஆனால் அவர் கொட்டேஷனில் எடைமேடை என்ற சொல்லே இருக்காது, போய்ப் பாருங்கள்.

கூடவே, எல்லா லாரியையும் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லாதீர்கள். முந்தின நாள் மாலையே ஆளுக்கு ஒரு நேரம் போனில் அனுப்பிவிடுங்கள். பெரிய டெர்மினல்களில் கார்டு தேய்த்து வரிசை எண் கொடுக்கிற ஏற்பாட்டுக்கும் இதுதான் சாரம்.

அடுத்தது கணக்கு உதைப்பது. திருடு என்று யாரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். எண்ணெய் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். 10,000 லிட்டரில் ஒரு டிகிரிக்கு எல்டிஓ ஏறக்குறைய 8 லிட்டரும் ஃபர்னஸ் ஆயில் 7 லிட்டரும் மாறும். நீங்கள் வாங்கும் 20,000 லிட்டர் ஃபர்னஸ் ஆயில் 65 டிகிரியில் ஏற்றப்பட்டு, உங்கள் டேங்கில் 45 டிகிரிக்கு வந்து உட்காருகிறது என்று வையுங்கள். 280 லிட்டர் காணாமல் போயிருக்கும். யாரும் எடுக்கவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. மாதம் நான்கு லோடு என்றால் உங்கள் ஆயிரம் லிட்டர் அங்கேயே வந்துவிட்டது. வேலூர்ப் பக்கத்து வெயிலில் எல்லாம் விரிந்துதானே இருக்கும், கூடத்தானே வேண்டும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சூடாக்கி ஏற்றின எண்ணெய்க்கு நம் கத்திரி வெயிலே குளிர்காலம்தான்.

ஆகவே உள்ளே வரும் ஒவ்வொரு லோடிலும், வெளியே போகும் ஒவ்வொரு லாரியிலும் லிட்டரோடு டிகிரியையும் எழுதுங்கள். டிகிரி எழுதாத லிட்டருக்கு எண்ணெய்த் தொழிலில் மதிப்பே கிடையாது. டெர்மினல்களில் கணக்கை 15 டிகிரிக்கு மாற்றிப் பார்ப்பது இதனால்தான்.

எல்டிஓவுக்கு ஃப்ளோ மீட்டரும் அதோடு ஒரு பேட்ச் கன்ட்ரோலரும் போதும். 12,000 என்று ப்ரீசெட் செய்தால் அந்த அளவில் வால்வு தானாக மூடிக்கொள்ளும். அளவு முன்கூட்டியே தெரிவதால் லாரி ஏறிக்கொண்டிருக்கும்போதே பில் தயாராகிவிடும். அந்த மீட்டரை வைத்துப் பணம் வாங்குவதானால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் முத்திரை வாங்கியாக வேண்டும்.

ஃபர்னஸ் ஆயில் மட்டும் விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடம் வந்த ஆள் இரண்டுக்கும் ஒரே மீட்டரை எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். மீட்டர் ஒவ்வொரு லிட்டரையும் ஒழுங்காகத்தான் எண்ணும். ஆனால் அது எண்ணுவது சூடான லிட்டர். காலையில் முதல் லாரிக்கு எண்ணெய் சரியாகச் சூடேறியிருக்காது. பைப்பில் ராத்திரி முழுக்க நின்ற எண்ணெய் கூழாக இருக்கும், வடிகட்டி அடைக்கும், பம்ப் திணறும். மத்தியானம் அதே எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டு லாரிக்கும் மீட்டரில் 12,000 தான். வாங்குகிறவருக்குப் போன சரக்கு ஒன்றல்ல. வெப்பநிலையைக் கழித்துக் கணக்கிடும் வசதி கன்ட்ரோலரில் இருக்கிறது என்பார்கள். இருக்கும். அதில் டீசலுக்கான அட்டவணையைப் போட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிறையை நேராக அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டர் இதற்குச் சரியான கருவி, விலைதான் கூடுதல். உங்கள் அளவுக்கு நான் சொல்வது, ஃபர்னஸ் ஆயிலைக் கிலோவில் வாங்குங்கள், கிலோவில் விற்றுவிடுங்கள். சூடானாலும் ஆறினாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான். லாரி எடைமேடை பத்து கிலோ படியில் காட்டினாலும், அந்தப் பிசகு 280 லிட்டர் பிசகுக்கு முன்னால் தூசு. எடைமேடைக்கு வருஷம் ஒருமுறை முத்திரை புதுப்பிப்பதை மட்டும் தவற விடாதீர்கள். காலி எடையின்போது வண்டியில் உட்கார்ந்திருந்த கிளீனர் நிறை எடையின்போது டீக்கடையில் இருந்தால், அவர் எடைக்கு எண்ணெய் உங்கள் கையை விட்டு இலவசமாகப் போகிறது. தண்ணீர் கேன், டீசல் டேங்க் எல்லாம் இந்தக் கதைதான். எடைமேடையில் இரண்டு கேமரா வையுங்கள். 38 லட்சத்தில் இல்லாத ஆட்டோமேஷன் அது.

இன்னொன்று. ஃபர்னஸ் ஆயில் டேங்கில் ஸ்டாக் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சூடேற்றும் ஸ்டீம் காயிலில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே சேரும், மட்டம் உயரும். டேங்கின் மேலே தொங்கி மட்டத்தை அளக்கும் ராடார் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். எண்ணெய் 200 லிட்டர் கூடுதல் என்று பெருமையாகக் காட்டும். இந்த எண்ணெயின் அடர்த்தி தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் ஒழுங்காக அடியில் தங்காது, கலந்தே நிற்கும். வாரம் ஒருமுறை சாம்பிள் எடுத்துப் பார்க்க ஆள்தான் வேண்டும்.

இப்போது கொட்டேஷனுக்கு வருவோம். அதில் மூன்று இடத்தில் விரல் வையுங்கள்.

மட்டக்கருவிக்கு ‘துல்லியம் 0.2 சதவீதம்’ என்று எழுதியிருந்தால், எதில் 0.2 என்று கேளுங்கள். பெரும்பாலும் டேங்கின் முழு உயரத்தில். ஆறு மீட்டர் டேங்கில் அது 12 மில்லிமீட்டர். வட்ட டேங்கின் விட்டம் நான்கு மீட்டரென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 12.5 லிட்டர், ஆக 150 லிட்டர் பிசகு. நிதானமான ஆள் முனையில் குண்டு தொங்கும் டிப் டேப்பை உள்ளே விட்டால் இரண்டு மில்லிமீட்டருக்குள் சொல்லிவிடுவான். கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். டேங்கின் கேலிபரேஷன் சார்ட்டும் பழையதாக இருந்தால் எந்த ராடாரும் உதவாது. அது மட்டத்தை மட்டும் சொல்லும், லிட்டரைச் சொல்வது சார்ட்தான். சேமிப்பு டேங்குக்கு 60 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு உண்டு. உங்களுடையது எந்த வருஷத்துச் சார்ட் என்று இன்றே பாருங்கள்.

இரண்டாவது, ‘அப்ரூவல் எல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம் சார்.’ இந்த வாக்கியம் கேட்டால் எழுந்து போங்கள். எண்ணெய் ஆவி இருக்கும் இடத்தில் வைக்கும் மின்கருவிக்கு பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் இருக்க வேண்டும். சான்றிதழில் இருக்கும் மாடல் எண்ணும் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. ஏதாவது ஆனால் நோட்டீஸ் அவருக்கு வராது. ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு அதையே பிரிண்ட் எடுத்து நேரிலும் கொண்டுவா என்கிற ஆபீஸ்கள் இருப்பதால்தான் இந்த இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

மூன்றாவது பாஸ்வேர்டு. நான் முன்பு வேலை செய்த ஓர் எண்ணெய்க் கிடங்கில், பெயர் வேண்டாம், கருவி போட்டவர்கள் கம்பெனியை மூடிவிட்டுப் போனார்கள். கன்ட்ரோலர் பாஸ்வேர்டு அவர்கள் பையில் போய்விட்டது. ஒரு வால்வின் அளவை மாற்ற முடியாமல் புதுக் கன்ட்ரோலரே வாங்கினோம். கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் எல்லாப் பாஸ்வேர்டும், புரோகிராமின் காப்பியும், வயரிங் வரைபடமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கருவிகள் மாட்பஸ் மாதிரி பொதுவான மொழியில் பேச வேண்டும், இல்லையென்றால் ஒரு கார்டு போனாலும் அதே ஆளிடம்தான் போக வேண்டும். ‘நாங்கள் சென்னையிலிருந்தே சரிசெய்வோம்’ என்று இன்டர்நெட்டில் எப்போதும் திறந்த வழி வைக்க விடாதீர்கள். அமெரிக்காவில் 2021 மே மாதம் காலனியல் பைப்லைன் என்ற எண்ணெய்க் குழாய் பல நாள் நின்று பெட்ரோலுக்கு வரிசை கட்டியதற்கு, உபயோகத்தில் இல்லாத ஒரு பழைய லாகின் கணக்கின் பாஸ்வேர்டுதான் ஹேக்கர்களுக்கு வழிவிட்டது.

இதையெல்லாம் சொன்னதால் நான் ஆட்டோமேஷனுக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். முதல் காசை எதில் போடுவது என்பதில்தான் சண்டை. வேகத்துக்கு முன்னால் வழிதல் தடுப்பு. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் டிப்போவில் 2005 டிசம்பர் 11 அதிகாலை, பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்த டேங்கின் மட்டக்கருவி ஒரே அளவில் சிக்கி நின்றுவிட்டது. திரையில் கோடு நேராக ஓடியது, யாரும் பதறவில்லை. கடைசிக் காப்பாக இருந்த தனி ஸ்விட்சும் வேலை செய்யவில்லை. டேங்க் வழிந்து, ஆவி பரவி, ஆறு மணிக்கு வெடித்தது. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் இந்தியன் ஆயில் டெர்மினலில் நடந்த தீவிபத்தில் 11 பேர் போனார்கள். அங்கே வால்வு வழியாகப் பீறிட்ட பெட்ரோலைப் பக்கத்தில் போய் மூட யாராலும் முடியவில்லை. தூரத்திலிருந்து மூடும் வால்வு வேண்டும் என்று அந்த விபத்தை விசாரித்த எம்.பி. லால் குழு வலியுறுத்தியது அதற்குப் பிறகுதான்.

உங்கள் எண்ணெய் பெட்ரோல் மாதிரி உடனே பிடிக்காது. ஆனாலும் ஒவ்வொரு டேங்கிலும் மட்டக்கருவியோடு சம்பந்தமே இல்லாத ஒரு தனி ஹை லெவல் ஸ்விட்ச் போடுங்கள். அது அடித்தால் உள்ளே ஏற்றும் பம்ப் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை கையால் தூக்கிச் சோதித்து நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். பம்ப் ஓடுகிறது, ஆனால் ஐந்து நிமிஷமாக மட்டம் அசையவில்லை என்றால் அலாரம் அடிக்கும்படி ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எர்த்திங் கிளிப் மாட்டாமல் பம்ப் ஓடாத இன்டர்லாக் அடுத்தது. இவை முடிந்த பிறகு எல்டிஓ கேன்ட்ரியில் மீட்டரும் கன்ட்ரோலரும். ராடார் கடைசியில்.

சித்திரை, வைகாசியில் மாலை நேரத்து இடிமழை நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சிக்னல் கேபிளின் இரு முனையிலும், மின்னலில் கருவி கருகாமல் காக்கும் சர்ஜ் தடுப்பு கொட்டேஷனில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நாள் நோட்டு முடிந்ததும் அதன் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கொட்டேஷனையும் சேர்த்தே அனுப்பினால் எந்தெந்த வரியை அடிப்பது என்று சொல்கிறேன்.