புகைப்படக் கலைஞர் லாங்கைப் பின்பற்றியும் என் படங்கள் நகலாகத் தெரிவது ஏன்?

குறை கறுப்பு வெள்ளையில் இல்லை, நீங்கள் நிற்கும் தூரத்தில் இருக்கிறது. டொரோத்தியா லாங்கின் ‘புலம்பெயர்ந்த தாய்’ புகைப்படம் போல எடுத்தும் உயிர் வரவில்லை என்கிறீர்கள். ஒரே படத்தோடு நகர்ந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் லாங் முதலில் தள்ளி நின்று கூடாரத்தோடு சேர்த்து எடுத்தார். பிறகு நெருங்கி நெருங்கிப் பல படங்கள். குழந்தைகள் முகம் திருப்பியிருக்க, தாயின் விரல்கள் கன்னத்தைத் தொடும் அந்தப் படம் அப்படித்தான் கிடைத்தது. எவ்வளவு பொறுமை!

ஒருவரையே பத்து முறை எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி முன்னே. ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்தது எந்தத் தூரமோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

அனுமதி கேட்டுவிட்டு நெருங்குங்கள். அந்தத் தாயே பின்னாளில் அந்தப் படத்துக்காக வருந்தினார்.