பாம்பன் பக்கத்திலிருந்து மன்னாருக்கு முதல் மிஷன் பயணம்: எதற்குத் தயாராக வேண்டும்?

கேட்டிருப்பவர் மண்டபம் பக்கத்துப் பங்கு இளைஞர். ஆகஸ்ட் விடுமுறையில் இளையோர் குழுவோடு மன்னாருக்குப் போகிறார்: சிறுவர் முகாம், வீடு சந்திப்பு. முதல் வெளிநாட்டுப் பயணம். அடுத்த வருஷம் நேபாளம் போகவும் குழுவில் பேச்சு இருக்கிறதாம். பெட்டி கட்டுவது தவிர வேறு எதற்குத் தயாராக வேண்டும் என்பது கேள்வி.

நான் தங்கச்சிமடம். இதே மாதிரி ஒரு குழுவில் மன்னார் போய்வந்தவன்.

"கச்சத்தீவு போயிருக்கிறோமே, அதுவும் வெளிநாடுதானே" என்று குழுவில் ஒருவராவது சொல்வார். அது வேறு கணக்கு. அந்தோணியார் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். பெயர் கொடுத்து, ராமேஸ்வரத்தில் படகேறி, மறுநாள் பூசை முடிந்ததும் திரும்பிவிடலாம். தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். கரையில் நின்றால் சில நேரம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 1964 புயலோடு தனுஷ்கோடி ரயிலும் கப்பலும் போயிற்று. இப்போது பெரும்பாலும் மதுரை போய், விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து 300 கிலோமீட்டர் போல வடக்கே பஸ்ஸிலோ ரயிலிலோ வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். அலுத்துப்போய் இறங்குவீர்கள், முதல் நாளே நிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டில் நம் ஊர்க்காரர்களுக்கு வருகிற தொல்லை பெயர்தான். ஞானஸ்நானச் சான்றில் சூசை அந்தோணி, பள்ளிச் சான்றில் அந்தோணி, ஆதாரில் இன்னொரு ஸ்பெல்லிங். எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். அப்புறம் இன்னொன்று, இதை யாரும் வெளியே பேச மாட்டார்கள். குழுவில் கடலுக்குப் போகிற பையன் இருந்து, முன்பு எல்லை தாண்டினான் என்று பிடிபட்டு, ஒத்திவைத்த தண்டனையோடு விடுதலையாகி வந்திருந்தால், அதைப் பங்குத்தந்தையிடம் இப்போதே சொல்லச் சொல்லுங்கள். கொழும்பு விமான நிலையத்தில் அது வெளியே வந்தால் குழு முழுக்க மாட்டிக்கொள்ளும்.

சுற்றுலா விசா சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வதும் ஜெபக்கூட்டம் நடத்துவதும் விசா நிபந்தனையை மீறுவது. "நம்ம கோவில்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். நீங்கள் அங்கே செய்யப்போவதைப் பட்டியல் போட்டு மன்னார் மறைமாவட்டத்துக்கு அனுப்பி, எந்த விசா வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இனி, நீங்கள் உண்மையிலேயே தயாராக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வீடு சந்திப்பில் எந்த ஊர் என்று கேட்பார்கள். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் என்று சொன்னதும் பேச்சு வலைக்குப் போகும். மன்னார் தீவிலுள்ள பேசாலையில் ஒரு வீட்டில் எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, அந்த வீட்டு அண்ணன் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். சமையற்கட்டுச் சுவரோரம் ஒரு நைலான் வலைக் குவியல், அதன்மேல் கோழி படுத்திருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மேல்கயிறு இருந்தது, மிதவைகள் வரிசையாக இருந்தன, அதற்குக் கீழே வலையே இல்லை. "உங்கட ரோலர்தான் தம்பி. இன்னும் கடனே முடியேல்ல." ரோலர் என்று அவர்கள் சொல்வது இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலை, போடுகிற நம் விசைப்படகை.

எங்கள் குழுவில் ஒருவன் உடனே, "எங்க ஆளுங்களை உங்க நேவி சுடலையா?" என்று ஆரம்பித்தான். அவனுடைய சித்தப்பா படகு பிடிபட்டுத் திரும்பி வரவே இல்லை, அந்தக் கோபம் அவனுக்கு. "அது நேவி. நாங்கள் இல்லை" என்றார் அவர். கூட வந்த ஃபாதர் பையனின் தோளில் கைவைத்து உட்காரவைத்தார். என் மாமா விசைப்படகில் டிரைவர். நான் என்ன பேச முடியும்? அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, விவரம்தான் சொன்னார். நம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகின்றன அல்லவா, அந்த இரவுகளில் அவர்கள் வலை போடப் பயப்படுகிறார்களாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நமக்குத் தடைக்காலம் என்று நாம் புலம்புகிறோம். அவர்கள் நிம்மதியாகத் தொழில் செய்வது அந்த இரண்டு மாதத்தில்தானாம். இலங்கையில் 2017லேயே இழுவைமடிக்குச் சட்டத்தில் தடை போட்டாயிற்று.

இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பாளி அல்ல. ஆனால் ஊர்க் கணக்கு உங்கள் பெயரில்தான் எழுதப்படும். இது புதிதுமல்ல. நம் மண்டபம் பக்கத்து வேதாளையில் 1549ல் கொல்லப்பட்ட இத்தாலியக் குரு அந்தோணியோ கிரிமினாலியை இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி என்பார்கள். அந்தச் சண்டை அவர் போதனையால் வந்ததல்ல. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தளபதி ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களை மறித்து வரி வாங்கினான், அதற்காக அவன்மேல் படை வந்தது. சனங்களைப் படகேற்றிவிட்டுக் கரையில் நின்றவர் குரு. அருளானந்தர் இரத்தசாட்சியாக இறந்த ஓரியூருக்குப் போகிற அளவுக்கு நம்மவர்கள் வேதாளையை நினைப்பதில்லை என்பது என் வருத்தம்.

ஆகவே வாதாடாதீர்கள், நியாயம் கற்பிக்காதீர்கள், உங்களால் முடியாத வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். முடிந்தால் கிளம்புமுன் உங்கள் ஊர் விசைப்படகுக்காரர் ஒருவரிடமும் நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடமும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். நாட்டுப்படகுக்காரர் சொல்வதும் மன்னாரில் கேட்பதும் பெரிதாக வேறுபடாது.

சிறுவர் முகாம் பற்றிக் கவலை வேண்டாம். பாட்டும் விளையாட்டும் போதும், மொழியும் ஒன்றுதான். பெரியவர்களிடம் மட்டும் சண்டைக் காலத்தைப் பற்றி நீங்களாகத் துருவாதீர்கள். காணாமற்போன மகனின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு. அங்கே செல்போன் கேமராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள். பழைய துணி மூட்டை கட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். நம்மைவிட நன்றாக உடுத்துகிறவர்கள். மடு மாதா கோவிலில் ஆகஸ்ட் 15 திருவிழா உங்கள் தேதிக்குள் வந்தால் விடாதீர்கள், சிங்களவரும் தமிழரும் ஒரே மைதானத்தில் கூடாரம் போட்டிருப்பார்கள்.

நேபாளம்: வாக்காளர் அட்டையே போதும் என்பதால் அது லேசாகத் தெரியும். ஆனால் 2015 அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. குற்றவியல் சட்டத்தில் இதற்கு 5 வருஷம் வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் அதோடு நாடு கடத்தலும். அங்குள்ள திருச்சபை கூப்பிட்டு, அவர்கள் கோவிலுக்குள், அவர்கள் மக்களோடு என்றால் மட்டும் யோசியுங்கள். துண்டுப்பிரசுரக் கட்டு ஒன்றுகூடப் பையில் இருக்கக் கூடாது.